ஈக்கோ சைலன்சர் திருடு போனால்: கிளெய்மா, கைக்காசா, புதுப்பேட்டையா?

காலையில் சாவியைத் திருப்பியதுமே வண்டி டிராக்டர் மாதிரி அலறுகிறது. குனிந்து பார்த்தால் சைலன்சர் இருந்த இடம் காலி. அறுத்துவிட்ட சென்சார் ஒயர் மட்டும் தொங்குகிறது. மாருதி ஈக்கோ வைத்திருக்கும் பலருக்கு இது நடந்திருக்கிறது. 2020-க்குப் பிறகு குஜராத், மகாராஷ்டிரா, டெல்லி வட்டாரம் என்று ஊர் ஊராக இதற்கென்றே அலைந்த கும்பல்கள் பிடிபட்டன. சென்னையிலும் குறிவைக்கப்பட்டது இதே வண்டிதான், இதே பாகம்தான்.

திருடனுக்கு வேண்டியது சைலன்சர் அல்ல, அதோடு சேர்ந்திருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். அதற்குள்ளே ஆயிரக்கணக்கான நுண்துளைகளோடு ஒரு பீங்கான் கட்டி இருக்கும். அந்தத் துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மூன்றும் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடு எல்லாவற்றையும் அடக்குவது அந்தப் பூச்சுதான். 2021 மார்ச்சில் ஓர் அவுன்ஸ் ரோடியம் 29,000 டாலரைத் தொட்டது. அப்புறம் விலை வெகுவாக இறங்கிவிட்டது, ஆனால் தொழிலைக் கற்றுக்கொண்டவர்கள் விடவில்லை. ஈக்கோவில் இந்தப் பாகம் தரைக்கு அடியில் வெளிப்படையாகத் தெரிகிறது. ஜாக்கி போடாமலே ஓர் ஆள் அடியில் புகுந்து போல்ட்டைக் கழற்ற முடிகிறது. போதாக்குறைக்கு, லோடு வண்டியாகவும் ஸ்கூல் வேனாகவும் ஓடும் ஈக்கோக்களில் பெரும்பாலானவை ராத்திரியில் தெருவோரம்தான் நிற்கின்றன.

திருடு போன பிறகு எதிரே நான்கு வழி இருக்கிறது. இன்ஷூரன்ஸ் கிளெய்ம் போட்டு கம்பெனி பாகம் மாட்டலாம். கைக்காசு போட்டுப் புதியது வாங்கலாம். புதுப்பேட்டை மாதிரி பழைய சாமான் சந்தையில் தேடலாம். வெறும் பைப்பை வெல்டு வைத்து ஓட்டிவிடலாம். பதற்றத்தில் பலர் நான்காவதில் ஆரம்பிக்கிறார்கள், அன்றைக்கு அதுதான் மலிவு என்பதால். இந்தக் கட்டுரை அவர்களுக்காகத்தான்.

எதை வைத்து எடை போடுவது?

முதலில் மொத்தக் காசு. இன்று கொடுக்கும் பில் மட்டும் கணக்கல்ல. அடுத்த நான்கைந்து வருட இன்ஷூரன்ஸ் பிரீமியம், இறங்கும் மைலேஜ், நாளைக்கு வரும் அபராதம் எல்லாம் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது, வண்டி எத்தனை நாள் நிற்கும் என்பது. வீட்டு வண்டிக்கு இது சின்ன விஷயம். தினம் டிரிப் அடித்துச் சாப்பிடுகிறவருக்கு இதுதான் பெரிய செலவு, அதை எந்த பாலிசியும் தராது. வருமான இழப்பு என்பது மோட்டார் பாலிசியில் விலக்கப்பட்ட இனம்.

மூன்றாவது சட்டம். பொல்யூஷன் சர்டிபிகேட், மஞ்சள் போர்டு என்றால் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று, அத்தோடு வாங்கும் பாகம் யாருடையது என்கிற கேள்வி. நான்காவது, உள்ளே உட்காரும் ஆட்களின் உயிர். கடைசியாக, மாட்டிய புதுப் பாகம் மறுபடியும் போகுமா என்பது. ஒருமுறை வந்தவர்களுக்குத் தெரு தெரிந்துவிட்டது, புதுச் சரக்கு மாட்டியிருப்பதும் தெரியும்.

எந்த வழியானாலும் முதலில் போலீஸ்

மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். வண்டியை நகர்த்தாமல் அடிப்பக்கம், அறுந்த ஒயர், நின்ற இடம் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். அன்றே ஸ்டேஷனில் எழுதிக்கொடுங்கள். பெரும்பாலும் முதலில் சி.எஸ்.ஆர்., அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதுதான் தருவார்கள். கிளெய்முக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்று கேளுங்கள். அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 173-வது பிரிவு சொல்கிறது. ஸ்டேஷனில் பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பவும் அதே பிரிவு வழி விடுகிறது.

புகாரில் பலர் விட்டுவிடும் ஒரு வரி உண்டு. திருடு போன பொருளின் மதிப்பை எழுதுங்கள். ஷோரூமில் ஒரு எஸ்டிமேட் வாங்கி இணைத்தால் இன்னும் நல்லது. ஐ.பி.சி.க்குப் பதிலாக 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பி.என்.எஸ். சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டைத் தனியாகப் பிரித்து, போலீஸ் தாமாகவே வழக்குப் பதிந்து விசாரிக்கும் குற்றங்களிலிருந்து வெளியே வைத்திருக்கிறார்கள். ‘சைலன்சர் காணோம்’ என்று மட்டும் எழுதினால் அது சின்னத் திருட்டாகப் போய்விடும். கன்வெர்ட்டரோடு கூடிய சைலன்சர், இன்ன விலை, எத்தனை சென்சார் என்று தெளிவாக இருக்கட்டும்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். அதில் ஓரிரு நாள் தாமதமானது மட்டுமே கிளெய்மை மறுக்கக் காரணமாகாது, போலீஸில் உடனே சொல்லியிருந்தால் போதும் என்று முழு வண்டி திருடு போன ஒரு வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. போலீஸிடம் தாமதித்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

வழி ஒன்று: கிளெய்ம் போட்டு கம்பெனி பாகம்

தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம், அதில் இந்த இழப்பு வராது. முழு பாலிசி இருந்தால் ஓன் டேமேஜ், அதாவது சொந்த வண்டியின் இழப்புக்கான பகுதியில் திருட்டு அடங்கும். வாரண்டியை நம்ப வேண்டாம். அது பாகம் பழுதானால்தான், களவு போனால் இல்லை.

கிளெய்ம் என்றால் இலவசம் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோகும் இடம் தேய்மானம். தேய்மானம் கழிக்காமல் தரும் ஜீரோ டெப் ஆட்-ஆனை எடுக்காதவர்களுக்கு உலோகப் பாகத்தின் விலையில் இப்படிக் கழிப்பார்கள்:

| வண்டியின் வயது | கழிவு |
|---|---|
| 6 மாதம் வரை | இல்லை |
| 6 மாதம் முதல் 1 வருடம் | 5% |
| 1 – 2 வருடம் | 10% |
| 2 – 3 வருடம் | 15% |
| 3 – 4 வருடம் | 25% |
| 4 – 5 வருடம் | 35% |
| 5 – 10 வருடம் | 40% |
| 10 வருடத்துக்கு மேல் | 50% |

இதற்கு மேல் கட்டாயப் பிடித்தம் உண்டு. 1500 சி.சி. வரையிலான சொந்தக் காருக்கு அது 1,000 ரூபாய். பிரீமியத்தைக் குறைக்க நீங்களாக ஒரு பிடித்தத்தை ஒப்புக்கொண்டிருந்தால் அதுவும் சேரும்.

அடுத்து என்.சி.பி. எனும் நோ கிளெய்ம் போனஸ். கிளெய்ம் போடாத ஒவ்வொரு வருடத்துக்கும் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும் தள்ளுபடி, ஒரே கிளெய்மில் பூஜ்யமாகிவிடும். இது ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டும்தான் பொருந்தும். தேர்டு பார்ட்டி பிரீமியம் இதனால் மாறாது.

ஓர் உதாரணக் கணக்கு. ஆறாவது வருடத்தில் இருக்கும் வெள்ளை போர்டு ஈக்கோ, 50 சதவீத என்.சி.பி., தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியம் 6,000 ரூபாய், புது சைலன்சர் 40,000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். தேய்மானம் 40 சதவீதம், அதாவது 16,000. பிடித்தம் 1,000. கம்பெனி தருவது 23,000, உங்கள் பங்கு 17,000. என்.சி.பி. போனதால் அடுத்த ஐந்து ரினீவலில் கூடுதலாகக் கட்டுவது 3,000, 1,800, 1,500, 900, 300. கூட்டினால் 7,500. ஆக, இந்தக் கிளெய்முக்கு உங்கள் உண்மையான செலவு 24,500 ரூபாய். முழுக்கக் கைக்காசு என்றால் 40,000. கிளெய்ம் இன்னும் லாபம்தான், ஆனால் முதலில் தோன்றிய அளவுக்கு இல்லை. கைக்காசில் 24,500-க்குள் ஒழுங்கான புதுப் பாகம் கிடைத்தால் கிளெய்ம் போடாமலே விடலாம்.

இதே திருட்டு இரண்டு வயது வண்டியில், ஜீரோ டெப்போடு நடந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். கையிலிருந்து போவது பிடித்தமும் சின்ன என்.சி.பி.யும்தான், கிளெய்ம் போடுங்கள். அதற்கும் முன்னால் பாலிசியில் என்.சி.பி. பாதுகாப்பு என்ற ஆட்-ஆன் இருக்கிறதா என்று பாருங்கள். பிரீமியத்தோடு அதை வாங்கிவிட்டு மறந்துபோனவர்கள் நிறையப் பேர்.

இழப்பை மதிப்பிட இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து பார்ப்பதற்குள் எதையும் மாட்டாதீர்கள். எஸ்டிமேட்டில் ஆக்சிஜன் சென்சார், ஒயரிங், கேஸ்கெட், போல்ட் எல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும். சைலன்சருக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு, அறுந்த சென்சாருக்குத் தன் கையிலிருந்து கட்டுவது வழக்கமாக நடக்கிறது.

மஞ்சள் போர்டுக்காரர்கள் பாலிசியின் விலக்குப் பகுதியை ஒருமுறை வாசித்துவிடுங்கள். வண்டி முழுவதும் திருடு போனால் ஒழிய, ஆக்சஸரி திருட்டுக்குப் பணம் இல்லை என்ற வரி இருந்தால், அதைக் காட்டி மறுக்கப் பார்க்கலாம். சைலன்சர் ஆக்சஸரி அல்ல, வண்டி தயாராகும்போதே அதோடு வந்த பாகம், அது இல்லாமல் வண்டி சட்டப்படி ஓட முடியாது. இதை எழுத்தில் சொல்லுங்கள், மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். அதற்குப் பிறகு குறைதீர்ப்பாளரான இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

வெள்ளை போர்டில் பதிந்துவிட்டு வாடகைக்கு ஓட்டுகிறவர்களுக்கு வேறு சிக்கல். பாலிசியில் சொன்ன பயன்பாட்டை மீறியதாகக் கிளெய்மை நிராகரிப்பார்கள். வாடகைக்கு ஓடிய ஒரு சொந்த வண்டி பறிபோன வழக்கில், 2008-ல் உச்ச நீதிமன்றம் முழுக்க மறுக்காமல் 75 சதவீதம் கொடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பைக் காட்டிப் பேரம் பேசலாம், ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறவர்கள் இந்த நிலையில் இருக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். சைலன்சருக்கே இந்த இழுபறி என்றால், விபத்து நடந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

வழி இரண்டு: கைக்காசில் புதியது

தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்கும், பெரிய என்.சி.பி.யோடு பழைய வண்டி ஓட்டுகிறவர்களுக்கும், நாளைக்கே வண்டி ஓடியாக வேண்டியவர்களுக்கும் பொருந்தும் வழி இது. சர்வேயருக்குக் காத்திருக்க வேண்டாம். பாகம் ஸ்டாக்கில் இருந்தால் மாட்டுவது சில மணி நேர வேலைதான். ஸ்டாக் இருக்கிறதா என்பதைப் போனிலேயே இரண்டு மூன்று ஷோரூமில் கேட்டுவிட்டு அப்புறம் வண்டியை ஏற்றி அனுப்புங்கள். இல்லையென்றால் அவர்கள் வாசலில் நிற்கும் நாட்களும் உங்கள் நஷ்டம்தான்.

இதிலும் இரண்டு ரகம். ஷோரூம் பாகம் ஒன்று, வெளிக் கம்பெனி கன்வெர்ட்டர் இன்னொன்று. வெளிப் பாகத்தின் விலை குறையக் காரணம் பெரும்பாலும் உள்ளே பூசிய உலோகத்தின் அளவு குறைவது. புதிதில் டெஸ்ட் பாஸாகும், ஆயுள் குறையும். வாங்குவதானால் மாசு அளவுகோலில் உங்கள் வண்டி பி.எஸ்.4-ஆ பி.எஸ்.6-ஆ என்று சொல்லி அதற்குரியதைக் கேளுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள் பி.எஸ்.6. ஜி.எஸ்.டி. பில்லில் அது எழுத்தில் வரட்டும், எழுத்தில் வாரண்டியும் வரட்டும். இரண்டையும் தராத கடை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். மாட்டிய பிறகு ஓரிரு வாரம் ஓட்டிப் பாருங்கள், எஞ்சின் செக் லைட் எரிந்தால் திருப்பிக் கொடுக்கப் பில் வேண்டும்.

பத்து வருடம் தாண்டிய பி.எஸ்.4 வண்டிக்கு, இன்னும் இரண்டு மூன்று வருடம்தான் ஓட்டப்போகிறோம் என்றால், இந்த வெளிப் பாகம் நியாயமான தேர்வு. புது வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

வழி மூன்று: புதுப்பேட்டை

சென்னையில் எந்தப் பாகம் கிடைக்காவிட்டாலும் முதலில் நினைவுக்கு வரும் இடம் புதுப்பேட்டை. கதவு, கண்ணாடி, கியர் பாக்ஸ் என்று அங்கே நேர்மையாக வியாபாரம் செய்து எத்தனையோ வண்டிகளை ஓடவைப்பவர்கள் இருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த ஊர்ச் சந்தையானாலும் கன்வெர்ட்டரைப் பழையதாக வாங்குவது வேறு விஷயம்.

முதல் ஆபத்து, உள்ளே ஒன்றும் இருக்காது. பிடிபட்ட கும்பல்களில் சில, கட்டியை உருவி எடுத்துவிட்டு வெறும் கூட்டை வெல்டு வைத்து மூடியிருக்கின்றன. வெளியே பார்த்தால் முழு சைலன்சர். கையில் தூக்கினால் எடை குறையும், ஓரத்தில் புது வெல்டு தெரியும், மேலே பெயிண்ட் அடித்திருந்தால் அதுவே சந்தேகத்துக்குப் போதும். ஆட்டினால் கலகலவென்று சத்தம் வந்தால் உள்ளே கட்டி உடைந்திருக்கிறது. இவை எல்லாவற்றையும் தாண்டி நல்லதாகவே இருந்தாலும், எத்தனை கிலோமீட்டர் ஓடித் தேய்ந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை.

இரண்டாவது, அது யாரோ ஒருவருடைய வண்டியிலிருந்து நேற்று ராத்திரி கழற்றியதாக இருக்கலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பி.என்.எஸ். 317-ன்படி மூன்று வருடம் வரை சிறை. பில் இல்லாமல், சந்தை விலையில் கால் பங்குக்கு வாங்கிவிட்டுத் தெரியாது என்று சொல்வது கடினம். சட்டத்தை விடுங்கள். நம் வயிற்றெரிச்சலை இன்னொரு ஓட்டுநர் தலையில் இறக்கி வைப்பதுதான் அது. அந்தக் காசுதான் அடுத்த ராத்திரி நம் தெருவுக்கே திரும்பி வருகிறது.

விபத்தில் முழு நஷ்டமாகி, ஆர்.சி. ரத்தான வண்டியிலிருந்து, அதன் சேசிஸ் நம்பரோடு பில் போட்டுத் தருகிறவர் கிடைத்தால் மட்டும் இந்த வழியை யோசிக்கலாம். அப்படி ஒருவர் கிடைப்பது அரிது.

வழி நான்கு: வெறும் பைப்

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்து வண்டி ஓடும். அதனால்தான் இது ஈர்க்கிறது. திருடர்களுக்கு இனி எடுக்க ஒன்றும் இல்லை என்றும் சொல்வார்கள்.

முன்பக்க ஆக்சிஜன் சென்சாரும் போயிருந்தால், எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று எஞ்சின் கணினிக்குத் தெரியாது. குத்துமதிப்பாகக் கூடுதலாக ஊற்றும், மைலேஜ் இறங்கும். தினம் நூறு கிலோமீட்டர் ஓடும் லோடு வண்டியில் சேர்ந்துகொண்டே போகும் இந்த நஷ்டத்துக்கு யாரும் பில் தருவதில்லை. எமிஷன் டெஸ்டில் ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கன்வெர்ட்டர் இல்லாத பெட்ரோல் எஞ்சினில் அதைத் தொடுவது எளிதல்ல. மாசு விதியை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும். மஞ்சள் போர்டு என்றால் எஃப்.சி. நாள் வரும்போது எப்படியும் புதியது மாட்டித்தான் ஆக வேண்டும், அப்போது கிளெய்முக்கான நேரம் போயிருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வண்டிக்குள்ளே இருப்பவர்கள். ஈக்கோவின் எஞ்சினே முன் சீட்டுக்குக் கீழே இருக்கிறது. அடியில் அவசரமாக வைத்த வெல்டில் கசிவு இருந்தால் புகை உள்ளே ஏறும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டு பிள்ளைகளை உட்காரவைக்கும் வண்டியில் இந்த வழியை ஒரு நாளைக்குக்கூட நான் ஏற்க மாட்டேன். ஒர்க்‌ஷாப் வரை கொண்டுபோக வேண்டும் என்றால் டோ செய்யுங்கள்.

ஒரே பார்வையில்

| | கிளெய்ம் | கைக்காசில் புதியது | பழையது | வெறும் பைப் |
|---|---|---|---|---|
| இன்றைய செலவு | தேய்மானம், பிடித்தம் | முழு விலை | குறைவு | மிகக் குறைவு |
| பிறகு வரும் செலவு | என்.சி.பி. இழப்பு | வெளிப் பாகத்துக்கு ஆயுள் குறைவு | மறுபடி வாங்க நேரலாம் | பெட்ரோல், அபராதம், எஃப்.சி. |
| வண்டி நிற்பது | சர்வே முடியும் வரை | ஸ்டாக் இருந்தால் ஒரே நாள் | தேடும் நேரம் | ஒரு மணி நேரம் |
| சட்டச் சிக்கல் | பயன்பாடு சரியாக இருந்தால் இல்லை | இல்லை | உண்டு | உண்டு |
| யாருக்கு | ஐந்து வயதுக்குள், ஜீரோ டெப் | பழைய வண்டி, அவசரம் | ஆவணம் இருந்தால் மட்டும் | யாருக்கும் இல்லை |

மாட்டிய பிறகு காப்பது

இதிலும் தேர்வு உண்டு. அடியில் இரும்புக் கம்பி அல்லது தகட்டால் கூண்டு அடிப்பது பரவலான வழி, செலவு சில ஆயிரம் ரூபாய். நேரத்தை இழுக்கவைப்பதுதான் அதன் பயன், நேரம் இழுத்தால் திருடன் அடுத்த வண்டிக்குப் போவான். வெல்டு வைத்து மாட்டுவதானால் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள், பெட்ரோல் லைன் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள். கன்வெர்ட்டர் நூற்றுக்கணக்கான டிகிரி சூடாகும், அதை முழுக்க மூடாமல் காற்றோட்டம் விட வேண்டும். தகட்டைவிட இடைவெளி விட்ட கம்பிக் கூண்டையே நான் விரும்புவேன்.

போல்ட் தலையில் வெல்டு பொட்டு வைப்பது இதைவிட மலிவு. ஆனால் கேஸ்கெட் மாற்றும்போது அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ரம்பத்தோடு வருபவனை அது தடுக்காது, ஸ்பேனரோடு வருபவனைத் தடுக்கும். அதிர்ந்தால் கத்தும் அலாரம் வீட்டு வாசலில் நிறுத்துகிறவர்களுக்கு உதவும். தெரு முனையில், யாரும் எழுந்து வராத இடத்தில் நிற்கும் வண்டிக்கு அந்தக் காசைக் கூண்டில் போடலாம்.

செலவே இல்லாதது நிறுத்தும் விதம். கன்வெர்ட்டர் இருக்கும் பக்கம் சுவரை ஒட்டி, விளக்கு வெளிச்சத்தில், உயரமான நடைபாதை விளிம்பில் ஒரு சக்கரமும் ஏறாமல் நிறுத்துங்கள். ஒரு பக்கம் ஏறி நின்றால் ஆள் நுழைய இடம் தானாகக் கிடைக்கிறது. பத்து பதினைந்து ஈக்கோ ஓடும் ஸ்டாண்டுகளில் எல்லோரும் சேர்ந்து ஒரே இடத்தில் நெருக்கி நிறுத்தி, ஒரு காவலாளியை வைத்துக்கொள்வது தனித்தனிக் கூண்டைவிடக் குறைந்த செலவில் முடியும்.

புதுப் பாகம் மாட்டிய அன்றே அதிலுள்ள எண்ணைப் போட்டோ எடுங்கள். கூட்டின் மேல் உங்கள் வண்டியின் பதிவு எண்ணைச் சூடு தாங்கும் பெயிண்டில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். பில், போட்டோ, எஃப்.ஐ.ஆர். நகல் மூன்றையும் ஆர்.சி.யோடு வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் ஒரு குடோனில் சைலன்சர் குவியலைப் பிடிக்கும்போது, தன்னுடையது எது என்று காட்ட முடிந்தவருக்குத்தான் அது கோர்ட் வழியாகத் திரும்பக் கிடைக்கும்.